வியாழன், வெள்ளி

களப்பணி நாட்கள் வியாழனும் வெள்ளியும்.
சிவதாபுரத்தில் இறங்கியதும்
அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன்.
குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்களுக்கும்
இதே நீலப் பட்டைதான்;
பார்த்ததும் தெரு கதவைச் சாத்தும்.

செல்லக்கிளி வீட்டில் முன்னறையே பட்டறை.
மகன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்,
என் படிவத்தின் முதல் வரி அது.
அவனோ எதிரில் உட்கார்ந்து
கொலுசுக்கு முத்து கோக்கிறான்.
நிமிரவில்லை.
'பிரச்சினையின் தன்மை' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
"எழுதிட்டியா? அந்தக் கொறடை எடு" என்றாள்.

எடுத்தேன்.

அடுத்த வாரம் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தேன்.
அதற்கடுத்த வாரம்
பாய்க்கடியில் சிதறிய வெள்ளிப்பொடியை
ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன்.
எடை போட்டுக் கொடுத்த வெள்ளி
எடை போட்டே திரும்பவேண்டும்.
குறைந்தால் சேதாரம், அவள் கூலியில்.

அறிக்கையில் எழுதினேன்:
பயனாளியுடன் நல்லுறவு ஏற்படுத்தப்பட்டது.

திங்கட்கிழமைக் கலந்தாய்வு.
ஹெலன் சுகிர்தா மேடத்துக்குச் சளி.
மேசையில் பதினோரு பேரின் நோட்டு.
"பையன் வேலை செய்யற எடத்துல
நீயும் வேலை செஞ்சியா?"
கைக்குட்டைக்குள் தும்மினார்.
"இல்ல மேடம், சும்மா ஒத்தாசைக்கு..."
"அவனும் அப்படித்தானே சொல்றான்?"

ஆறு மணி நேரத்தைச் சிவப்பு மையில் அடித்தார்.
என் பங்குச் சேதாரம்.
கோபத்தோடு வெளியே வந்தேன்.
ஐந்து ரோடு வரை நடந்த பிறகும்
அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தோம்,
நானும் பையனும்.
ஒன்பது நாள் போனான்.
பத்தாம் நாள் பாயில் இருந்தான்.
'ஆர்வமின்மை' என்று எழுதி
அடித்துவிட்டு
'பின்தொடர்தல் தேவை' என்று எழுதினேன்.

கடைசி வெள்ளி.
பயனாளியிடம் விடைபெறுவது எப்படி என்று
வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது:
இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.
நான் சொல்லவில்லை.
டீயைப் பாதி குடித்தபிறகுதான் சொன்னேன்.

சுடரை அணைத்தாள் செல்லக்கிளி.
"போன வருசம் ஒரு புள்ள வந்துச்சு.
அதுக்கு முந்தி கண்ணாடி போட்ட பையன்.
இப்ப நீ.
மூணு பேருக்கும் மொதல்லேருந்து சொல்லியாச்சு.
அடுத்து வர்றவனுக்கும் சொல்லோணுமா?"

பதில் இல்லை என்னிடம்.
"நோட்டுல எடம் இருக்கா? எழுதிக்க."

செவ்வாக்கெழமை வராதே,
சரக்கு எடை போடற நாளு.
டீ வேணாங்காதே.
வூட்டுக்காரரு லாரியோட போனாரு, வரலே.
அவ்வளவுதான். செத்துட்டாரான்னு கேக்காதே.
பையன் பேரு மதியழகன்.
குட்டின்னு எழுதிட்டுப் போறாங்க எல்லாரும்.
கணக்கு நல்லாப் போடுவான்.
இங்கிலீசு பீரியடுலதான்
எந்திரிச்சு நின்னு படிக்கச் சொல்றாங்களாம்,
திக்குனா மொத்த கிளாசும் சிரிக்குதாம்...

"அம்மா."

ஏழு வாரத்தில் முதல்முறையாக
அவன் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.
"அத ஏ... ஏன் சொல்றே?"
"ஒனக்குச் சொல்லலடா. வர்றவனுக்கு."

எழுதிக்கொண்டே இருந்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை,
பின்பக்கம் திருப்பி எழுதினேன்.
கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது,
ஒன்று மாணவர், ஒன்று மேற்பார்வையாளர்.
மணி நாலரை. என் நேரம் முடிந்திருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது
மதியழகன் பின்னால் வந்து நின்றான்.
விரல் நுனியில் இன்னும் ஒரு முத்து.
வாய் திறந்தது, மூடியது.
நான் அவசரப்படவில்லை.
பேருந்து ஒன்று போனது.

"வ... வர்றவனுக்கு
கணக்கு தெரியுமா?"